சைக்கிள் கடை அண்ணாச்சி சொன்ன ‘தெரியாது’

வாடகை சைக்கிளின் பின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் எழுதியிருக்கும். ஏழாம் நம்பர் சைக்கிளை நான் பிடித்துக்கொண்டு நின்றதும், கடைக்கார அண்ணாச்சி அதை என் கையிலிருந்து மெதுவாக விலக்கி மறுபடியும் சுவரில் சாய்த்ததும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. “தெரிஞ்ச ஆளு யாரையாவது கூட்டிட்டு வா தம்பி. தெரியாத ஆளுக்கு வண்டி குடுக்கதில்ல” என்றார். குரலில் கோபமில்லை. கடையின் சட்டம் அது, அவ்வளவுதான்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இந்தியக் குடியுரிமை பெற்று, இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாங்கள் கப்பலேறி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அப்பா மண்டபம் முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய பூர்வீகம் என்று குடும்ப அட்டையில் தாமிரபரணிக் கரையிலுள்ள இந்த ஊரின் பெயர் இருந்தது. அதை நம்பி அம்மாவும் நானும் வந்தோம். தாத்தா சின்ன வயதில் கடல் தாண்டியவர். அவரைப் பற்றி விசாரித்தால் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நூல் மில்லில் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியே, மில் காலனியில் ஓர் அறை. பத்தாம் வகுப்போடு நானும் மில்லுக்குப் போனேன்.

அண்ணாச்சி கடையில் எப்போதும் நாலு பேர் பேப்பரை வைத்துக்கொண்டு வாதாடுவார்கள். நான் போனால் பேச்சு என் பேச்சின் மேல் திரும்பும். “சிலோன்காரன் தமிழ்தாம்லே சுத்தம், நம்மளதுதான் கலப்படம்” என்பார் ஒருவர். “இவன் எங்க சிலோன் தமிழ் பேசுதான்? வாங்க, போங்கன்னுல்லா இழுக்கான். அதுவுமில்ல, இதுவுமில்ல. இது நடுக்கடல் தமிழ் வே” என்பார் அண்ணாச்சி. கடையே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு வருவேன். பிறகு கூடியவரை வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன். அந்தப் பழக்கம் இந்த வயதிலும் போகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாட்டை உலுக்கிய அந்தக் கொலைக்குப் பிறகு, முகாமுக்கு வெளியே இருந்த இலங்கைக்காரர்களைப் போலீஸ் தேடித் தேடிப் பதிந்தது. அகதி யார், தாயகம் திரும்பியவன் யார் என்று பிரித்துப் பார்க்கப் பொறுமையில்லாத நேரம். ஏட்டையா ஒரு பட்டியலோடு வந்து சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மா பெயரும் என் பெயரும் அதில் இருந்தன. அட்டையை நீட்டினேன். “அட்டைய யாரு வேணும்னாலும் வச்சிருக்கலாம். உன்னை இந்த ஊர்க்காரன்னு யாராவது சொல்லணும்” என்றவர், அண்ணாச்சியைப் பார்த்தார். தெரியாத ஆளுக்கு வண்டி கொடுக்காதவர் என்பதால் ஆள் விசாரணை என்றால் போலீஸ் முதலில் வருவது அவரிடம்தான்.

பிறகு மில் ஆள் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டி வண்டி வாங்கியவன், அதற்குள் ஒன்பது வருடமாக அவர் சைக்கிளை மிதித்திருந்தேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். “பையன் தங்கமான பையன். ஆனா இந்த ஊர்க்காரனான்னு கேட்டீருன்னா, எனக்குத் தெரியாது.”

வெள்ளிக்கிழமைவரை தவணை. அதற்குள் ஆள் காட்டாவிட்டால் இருவரும் முகாமுக்குப் போக வேண்டும். மில் வேலையும் போகும்.

மறுநாள் காலை ஷிப்டு முடிந்ததும் அம்மா பஞ்சு ஒட்டிய தலையோடு நேரே கடைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அண்ணாச்சி பஞ்சர் பார்க்க டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். “பொய் சொல்லச் சொல்லுதியா?” என்றார் நிமிராமலே. பிறகு, குலசாமியை வைத்து வம்சத்தைக் கண்டுபிடிக்க எங்கள் பக்கத்தில் எவரும் எவரையும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார். “ஒங்க வீட்டு சாஸ்தா எது? பங்குனி உத்திரத்துக்கு எந்தக் கோயிலுக்குப் போவிய?”

“சாஸ்தான்னெல்லாம் தெரியாதுங்க. அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு லயத்து வீட்டுக்குப் பின்னால ஒரு கல்லை நட்டுப் பொங்க வைப்பாரு. மொதக் கரண்டி சாமிக்கு இல்லீங்க. அதை ஓடைத் தண்ணியில கரைச்சுட்டுத்தான் சாமிக்கு. கேட்டா, அத்தைக்கும்பாரு.”

“எந்த அத்தை?”

“அவருக்கே தெரியாதுங்க. அவங்கப்பா செஞ்சாராம், இவரும் செஞ்சாரு.”

டியூபிலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது. அண்ணாச்சி ஓட்டையைப் பார்க்கவில்லை.

“அது எங்க குளத்து அத்தைல்லா” என்றார். எந்தக் காலத்திலோ குளத்தில் மூழ்கிப்போன பெண்ணாம். அவளுக்குக் கரைத்துவிட்டுச் சாமிக்குப் படைப்பது அவருடைய பங்காளி வீடுகள் நாலில் மட்டும்தான். வெளியே சொல்வதில்லை. ஊரில் மற்றவர்களுக்கே தெரியாத ஒன்று, கடல் தாண்டிப் போய் ஒரு மலை ஓடையில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அடுத்த நொடி அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒம்பது வருசமா இங்கனயே கெடந்துட்டு இதை ஏன் தாயி சொல்லல?”

“நீங்க கேக்கலீங்களே” என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை ஏட்டையா வந்தார். “முந்தாநாளு தெரியாதுன்னீரே வே?”

“முந்தாநாளு தெரியாது. இப்பம் தெரியும். எம் பங்காளி மவன். எங்க கையெழுத்துப் போடணும்?”

“பேச்சு சிலோன் பேச்சால்லா இருக்கு?”

“ஒம்ம மவன் பம்பாய்ல இருந்து வந்தா பாதி இந்தில்லா பேசுதான். அவனை எந்த முகாம்ல விட்டீரு?”

ஏட்டையா சிரித்துவிட்டார். எங்கள் பெயர்களை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் அண்ணாச்சியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அந்த முதல் ‘தெரியாது’ என்னை வெகுநாள் உறுத்தியது. இரக்கப்பட்டாவது சொல்லியிருக்கலாமே என்று நினைப்பேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடிய மனிதர் என்பதால்தான், அவர் தெரியும் என்றபோது ஏட்டையா இரண்டாவது சாட்சி கேட்கவில்லை. அதற்குப் பிறகு எவரும் எங்களை வந்து கேட்டதுமில்லை. என் மகள் இன்று சுத்தமாக நெல்லைப் பேச்சுதான் பேசுகிறாள். நான் போனில் ‘சொல்லுங்க’ என்று இழுத்தால் கேலி செய்கிறாள்.

அன்று கையெழுத்து ஆனதும் அம்மா நேரே வீட்டுக்கு நடந்தாள். வீட்டுக் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். சுவரோரம் இரண்டு மூட்டைகள் இறுகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. எப்போது கட்டினாளோ, என்னிடம் சொல்லவேயில்லை. முடிச்சு கையால் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்து, முதலில் சோற்றுப் பானையை வெளியே எடுத்தாள்.

“தண்ணி கொண்டா, உலை வைக்கணும்” என்றாள்.