மணல் இடுக்கில் நின்ற துடுப்புகள்

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலிருந்து மணல் மலைகளைப் பார்க்கப் போன எங்களுக்கு வழிகாட்ட வந்தவள் ஒரு கடற்கரைப் பெண். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. தோளில் ஒரு துடுப்பு. ஏறும்போது திரும்பித் திரும்பிக் கடலைப் பார்த்து நின்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. உரும்பிராய்த் தோட்டக்காரர் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். எதையும் மற்றவர்களுக்கு முன்னே பார்த்துவிட வேண்டும்.

மற்றவர்கள் பின்தங்கிவிட, இரண்டு மலைகளுக்கு நடுவே வெண்மணல் இடுக்கு ஒன்று திறந்தது. உள்ளே அங்குமிங்குமாகத் துடுப்புகள் நடப்பட்டிருந்தன.

"செருப்பைக் கழட்டுங்கோ, ரீச்சர் பிள்ளை. கடலுக்குப் போய்த் திரும்பாத எங்கடை ஆம்பிளையள் இஞ்சை நிக்கினம். உங்கடை புத்தகத்திலை இது இல்லையோ?" என்று சிரித்தாள்.

"உது ஆற்றை துடுப்பு?" என்று அவள் தோளில் இருந்ததைக் காட்டிக் கேட்டேன்.

"என்ரை மனுசன்ரை. ஆடிக் காத்துக்குள்ளை போனவர். இண்டைக்கு நட்டுப்போட்டு வா எண்டு மாமி தந்துவிட்டவ."

நட்டால் பொட்டை அழிக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது.

அவள் துடுப்பை மணலில் ஊன்றினாள். அது நேராக நின்றது. சற்று நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டாள்.

"மண் இளகிக் கிடக்கு, நிக்குதில்லை. நீங்களும் பாத்தனீங்கள்தானே?"

"ஓம், நிக்கேல்லை," என்றேன்.

இறங்கும்போது அவள் வேகத்துக்கு என்னால் நடக்க முடியவில்லை. வீட்டில் யாரோ வந்து பசியோடு காத்திருப்பதுபோல் போனாள்.

அந்தப் பக்கத்து ஆட்களைக் கண்டால், அவள் கணவர் வந்துவிட்டாரா என்று கேட்க இன்றும் வாய் எழுகிறது. இதுவரை கேட்கவில்லை.