மூத்த தாரம் தள்ளிய தார்

எனக்கு இரண்டு மனைவிகள். மூத்த தாரம் ஒரு வாழை. சிரிக்க வேண்டாம், புரோகிதர் வந்து மந்திரம் சொல்லி, முறையாகத் தாலி கட்டிய கல்யாணம்தான் அது.

அந்த வாழையை வாங்கி வந்தவனும் நான்தான். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன மறுவருஷம். உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கிணற்றடியில் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. கடல் காற்றில் வாழை வருமா என்று தெருவே கேட்டது. வரும் என்றவள் என் அக்கா. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் கணவரை இழந்து, எங்களிடமே திரும்பி வந்துவிட்டவள்.

"தவளக்குப்பத்துல கன்னு விக்கிறாங்களாம். மூணு வாங்கிட்டு வா. இலை ஒல்லியா, ஈட்டியாட்டம் இருக்கணும். அகல இலை வேணாம், கேட்டியா?" என்று சொல்லி அனுப்பினாள்.

சைக்கிளில் போனேன். ஈட்டி இலைக் கன்று இரண்டு எடுத்தேன். நோஞ்சானாக, பார்க்கவே பாவமாக இருந்தன. பக்கத்தில் இன்னொன்று, அகலமான பளபளப்பான இலையோடு, அப்படி ஒரு அழகு. நான் பிரெஞ்சு வாத்தியார். அழகைக் கண்டால் புத்தி எங்கோ போய்விடும். மூன்றாவதாக அதைத்தான் கட்டிக்கொண்டு வந்தேன்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இது நீர்க்கன்னுடா. மேல மினுக்கு, அடியில கிழங்கே இல்ல. இது எப்ப தாரு தள்ளி, நாம எப்ப திங்கிறது?"

தூக்கி எறிந்துவிடட்டுமா என்றேன்.

"வூட்டுக்கு வந்த பொண்ணத் திருப்பி அனுப்புவாங்களா? கெடக்கட்டும், இலைக்காவது ஆவும்" என்று துவைக்கிற கல்லோரம் நட்டாள்.

அவள் வாழை வளர்த்த விதத்தை இன்று நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. உப்பேறிய மண்ணை இடுப்பளவு தோண்டிக் கொட்டிவிட்டு, வண்டி வண்டியாக ஏரி வண்டல் வரவழைத்து நிரப்பினாள். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், அடுப்புச் சாம்பல் எதையும் வீணாக்க விடமாட்டாள். காற்றில் இலை கிழியாமல் தென்னங்கீற்றால் தடுப்புக் கட்டினாள். பத்தாவது மாதம் ஈட்டி இலைக்காரிகள் இரண்டு பேரும் கூரையைத் தொட்டார்கள். என் அழகி மட்டும் மினுக்கிக்கொண்டே நின்றாள்.

அப்போதுதான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டுக்கு எல்லாம் பிடித்தது, என் ஜாதகத்தைத் தவிர. களத்திர தோஷமாம். முதல் தாரம் தங்காதாம். பரிகாரமும் அவர்கள் ஜோசியரே சொன்னார்: வாழைக்கு ஒரு தாலியைக் கட்டி, கையோடு அதை வெட்டிவிட வேண்டும். மூத்தவள் செத்தால் வருகிறவள் பிழைப்பாள். வகுப்பில் பிள்ளைகள் "முசியே" என்று எழுந்து நிற்கிற ஆள் நான், பகுத்தறிவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவன். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

நல்ல வாழையாகப் பார்த்து அம்மா கை காட்டினாள். அக்கா குறுக்கே வந்து நின்றாள். "அது தாரு தள்ளப் போவுது. புள்ளத்தாச்சிய வெட்டுவியாம்மா?" அம்மாவின் கை மறுபக்கம் திரும்பியது. துவைக்கிற கல்லோரம் நின்ற நீர்க்கன்றுக்குத் தாலி போயிற்று.

மஞ்சள் கயிற்றை நான் கட்டும்போது அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். நல்ல காரியத்தில் அவள் கை படக்கூடாது. கிணற்றடி அவளுடையது, வண்டல் அவளுடையது, மரமும் அவள் வளர்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அரிவாளை வாங்கி வெட்டினேன்.

மறுநாள் காலை பார்த்தால், வெட்டின இடத்தின் நடுவிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குப் பச்சைக் குருத்து எழும்பியிருந்தது. அம்மா வெலவெலத்துப் போய் மறுபடி வெட்டினாள். அடுத்த நாளே மறுபடி வந்தது. "நான் பாத்துக்கறேன், விடு" என்று அக்கா அம்மாவை உள்ளே அனுப்பினாள். தோண்டி எறிந்துவிட்டாள் என்றுதான் அம்மா நம்பினாள். எறியவில்லை. ஓட்டைக் கூடை ஒன்றைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தாள்.

"வெட்டினா துளிர்க்கும்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றாள். பிறகு சொன்னாள்: "எனக்குப் பத்துப் பொருத்தமும் பாத்துத்தான்டா கட்டி வச்சாங்க."

கூடையைச் சரியாக மூடிவிட்டு நான் உள்ளே போனேன்.

கல்யாணம் நடந்தது. வந்த நாலாம் நாள் என் மனைவி துணி துவைக்கப் போய், கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். இது என்ன என்றாள். நான் மழுப்பப் பார்த்தேன். அக்கா மறைக்கவில்லை. "இவதான்மா உன் மூத்தா. சாவல."

என் மனைவி அந்த வெளிறிய குருத்தைக் குனிந்து பார்த்தாள். அவள் கழுத்தில் மஞ்சள் வாசம்கூடப் போகவில்லை. இப்போதே பெட்டியைக் கட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "பாவம், உள்ள மூச்சு முட்டியிருக்கும்" என்று கூடையை வீசிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். அந்த நிமிஷத்தில்தான் அவளை எனக்கு நிஜமாகவே பிடித்துப்போயிற்று.

விஷயம் தெரிந்து அம்மா ஆடிய ஆட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அக்காதான் அவளைக் கிணற்றடிப் பக்கம் அண்ட விடவில்லை. அதைவிடப் பெரிய ஆட்டம் ஐப்பசி மழையில் வந்தது. என் மனைவி விஷக் காய்ச்சலில் விழுந்தாள். பதினைந்து நாளாகியும் இறங்கவில்லை. அம்மா கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குக் கிளம்பினாள். "மூத்தவ இருக்கற வரைக்கும் இவ பொழைக்க மாட்டா." நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், போய் வெட்டட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

பாயிலிருந்து குரல் வந்தது. "அத்தை, அதத் தொட்டீங்கன்னா நான் மருந்து குடிக்க மாட்டேன்."

குரலே எழும்பாத உடம்பு, ஆனால் சொன்னதைச் செய்கிறவள் என்று அம்மாவுக்குத் தெரியும். கடப்பாரை வாசலிலேயே விழுந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வாயில் மருந்தை ஊற்றினாள். இன்னும் ஒரு வாரம் படுத்திவிட்டுக் காய்ச்சல் இறங்கியது.

அடுத்த வருஷம் என் மூத்த தாரம் தார் தள்ளினாள். நாலே சீப்பு, விரல் விரலாகச் சின்னக் காய்கள். பழுத்ததும், முதல் சீப்பை வெற்றிலை பாக்கோடு தாம்பூலமாகக் கொடுக்க வேண்டும் என்று அம்மா தெருவில் நாலு சுமங்கலிகளைக் கூப்பிட்டிருந்தாள். என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவர்கள் கையால் முதல் தாம்பூலம் அவளுக்குத்தான். அக்கா வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

என் மனைவி தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு நேராக அந்தக் கதவுக்குப் போனாள்.

"அண்ணி, நீங்க குடுங்க. நான் வாங்கிக்கறேன்."

"நான் வேணாம்மா, அவங்க கையால வாங்கிக்க" என்றாள் அக்கா.

"இவங்க யாரும் வளக்கல" என்று என் மனைவி தட்டை அவள் கையில் வைத்துவிட்டு முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

வந்திருந்தவர்கள் அம்மாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அக்காவிடம், "கை வலிக்கும் அவளுக்கு, சீக்கிரம் குடு" என்றாள்.