பக்கத்துக் கட்டிலில் ஷாம்பெயின் பிரபுக்கள்

எண்பதுகளின் கடைசியில், லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இலங்கைத் தமிழர் ஒருவர் இருந்தார். மொட்டையடித்த தலை, ஒடுங்கிய முகம். மூளையில் கட்டி, மறுநாள் காலை ஆபரேஷன். இடைக்காலத்தில் பிரான்சின் ஷாம்பெயின் பகுதியை ஆண்ட பிரபுக்களைப் பற்றி ஆராய்ந்தவராம். கட்டில் கம்பியில் விரலால் தட்டித் தட்டி அவர்களின் வரிசையைச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

பெயர்கள் எழுதிய தாளை என்னிடம் நீட்டினார். "தம்பி, நான் கண் முழிச்சதும் கேளும். ஒரு பேர் பிழைச்சாலும் மூளை பழுதெண்டு அர்த்தம்."

ஆபரேஷன் முடிந்து அவர் கண் விழித்தபோது மனைவியும் அருகில் நின்றார். நான் தாளை விரித்தேன். "சொல்லுங்கோ அண்ணை."

"ஹென்றி... அவரின்ர மகன் ஹென்றி... பிறகு தம்பி திபோ..."

ஒவ்வொருவராக, கடைசியில் பட்டத்துக்கு வந்த மகள் ஜோன் வரை, ஒன்றும் தவறவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஆர், பிள்ளை?"

அந்த அம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல இருந்து சொல்லுங்கோ. நானும் பாடமாக்குறன்."

அவர் சந்தோஷமாகத் தொடங்கினார். அந்தப் பிரபுக்களில் ஒருவரையாவது அவர் மறந்திருக்கக் கூடாதா என்று இன்றும் எனக்குத் தோன்றும்.