வண்டியை விடாத முனிரத்தினம்

பிரேக் மெக்கானிக் முனிரத்தினம் தவறிப்போய்விட்டார் என்று கீரைக்காரி வாசலில் நின்று சொன்னாள். முறத்திலிருந்த அரிசியைப் புடைத்து முடித்துவிட்டுத்தான் சேக்காட்டிலிருந்த அவர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். வருஷக்கணக்கில் அவரோடு பேசாதவள் நான். பூந்தமல்லி ஷெட்டில் அவரோடு பழகியவர்களுக்கு அது தெரியும். ஏன் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த ஷெட்டுக்குப் பக்கத்தில் நான் இட்லிக் கடை போட்டிருந்தேன். என் மகன் சேகர் அவரிடம் மெக்கானிக். மெட்ராஸ் முதலாளி ஒருவர், இரண்டு பேர் மட்டும் உட்காரும் தன் சிவப்பு ரேஸ் காரை அங்கேதான் விடுவார். "ஞாயித்துக்கிழமை சோழவரம் ரேஸுல நீயே ஓட்டுடா" என்று சேகரிடம் சொல்லிவிட்டார். ஷெட்டுப் பையனுக்கு அப்படி யார் கொடுப்பார்கள்? நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ரேஸுக்குப் போகிற வண்டிக்கு வெள்ளிக்கிழமை பூஜை போடுவது வழக்கம். முனிரத்தினத்தின் சம்சாரம் பாக்கியம், சக்கரத்துக்குள் பளபளவென்று தெரிந்த பிரேக் டிஸ்க்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். வண்டியை எடுத்ததும் பிரேக் கீச்சென்று கத்தியது.

"இன்னாமே, பிரேக்குக்குமா பொட்டு?" என்றார் முனிரத்தினம்.

"அது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?"

சந்தனத்தால்தான் கத்துகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கழுவினார்; மறுபடியும் கத்தியது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேடின் விளிம்பை அரத்தால் சரித்துத் தேய்த்தார், அதன் முதுகில் லேசாகக் கிரீஸ் தடவினார். சத்தம் நின்றது. சேகர் குதித்தான். அவர் மட்டும் டிஸ்க்கின் ஓரத்தை நகத்தால் தடவிக்கொண்டே இருந்தார். நகம் மேட்டில் தட்டியது. மைக்ரோமீட்டரை வைத்துச் சுற்றிலும் தடிமனை அளந்தார். கம்பெனி போட்டிருந்த குறைந்தபட்ச அளவுக்கும் கீழே தேய்ந்திருந்தது.

"சத்தம் போச்சு நைனா, தேய்மானம் போவலியே" என்றார்.

புது டிஸ்க் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒரு நாள்தானே, ஓடட்டும் என்றார் முதலாளி. முனிரத்தினம் முடியாது என்றார். நான் அவரிடம் ஓடினேன்.

"அண்ணாத்தே, எம் புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போடாதே."

"பொழப்புதானே போவுது தங்கச்சி, போவட்டும்."

டிஸ்க்குகளைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கார் கட்டைமேல் நின்றது. முதலாளி அதை வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோனார். சேகரை மறுபடி கூப்பிடவில்லை. அவன் இன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேன் ஓட்டுகிறான். அன்றிலிருந்து முனிரத்தினத்துக்கு நான் இட்லி கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சேகர் ஷெட்டை விட்டுப் போன பிறகு, கடையைத் தாண்டும்போது மட்டும், "பையன் நல்லா கீறானா?" என்று ரோட்டைப் பார்த்துக் கேட்பார். நான் இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

சாவு வீட்டில் பாடைக்கு முதலில் தோள் கொடுத்தவன் சேகர். எனக்கு அழுகை வரவில்லை. அந்த டிஸ்க் ஒரு நாள் தாங்கியிருக்குமா, வளைவில் உடைந்திருக்குமா, யாருக்குத் தெரியும்? தெரிந்துகொள்ள அவர் விடவில்லை. அவர் எனக்கு விட்டுப்போனது என் பிள்ளையும் என் கோபமும். பிள்ளை இன்றைக்கு வேலைக்குப் போயிருக்கிறான், சாயங்காலம் வந்துவிடுவான். கோபம் இங்கேயேதான் இருக்கிறது.