கதவடியில் ஒரு டம்ளர் டீ

மங்கையர்க்கரசி அக்கா காலமான செய்தி எனக்கு மின்சார ரயிலில் வந்தது. திருநின்றவூரில் ஏறிய நான், ஆவடியில் ஏறிய கூட்டத்தில் கம்பியோடு கம்பியாக நசுங்கிக்கொண்டிருந்தேன். போனில் மோகன் அண்ணன். ஆட்டோ ஓட்டுபவர், எங்கள் பெற்றோர் குழுவில் எனக்கு முன்பே சேர்ந்தவர். எப்போதும் தெருவுக்கே கேட்கும்படி பேசுகிற மனிதர் அன்று கிசுகிசுத்தார்.

"அக்கா பூட்டாங்கம்மா. காலைல நெஞ்சு வலி."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"அந்த ரூம் கதவு சாத்தினபடியே கீது. இன்னா பண்றதுன்னு ஒருத்தருக்கும் தெர்ல. நீ வந்துடும்மா."

அன்னனூரில் இறங்கி எதிர் ரயிலைப் பிடித்தேன். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு வந்த நினைப்பு, இனி அந்தக் கதவடியில் யார் டீ வைப்பார்கள் என்பதுதான். அக்காவை அறியாதவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். அறிந்தவர்களுக்கும் அப்படித்தான் பட்டது.

அக்காவுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கணவர் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவர் இளவயதிலேயே இறந்துவிட, வாரிசு வேலை அக்காவுக்குக் கிடைத்தது. குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டே ஒரே மகள் கயல்விழியைப் படிக்கவைத்தார். கயல் பத்தாம் வகுப்பில் இருந்தபோதுதான் அது நடந்தது. அவளை யாரும் அடிக்கவில்லை. யாரும் திட்டவில்லை. வகுப்பில் இருந்த பெண்கள் எல்லோரும் கூடிப் பேசி, அவள் அங்கே இல்லாததுபோல நடந்துகொள்வது என்று முடிவுசெய்தார்கள். கேட்டால் பதில் கிடையாது. இடித்துவிட்டால்கூட யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைக் காட்டி, "இங்க யாரும் இல்லல்ல?" என்று கேட்டுவிட்டு அவள் மடிமேலேயே பையை வைப்பார்களாம்.

அக்கா பள்ளிக்குப் போய் அழுதார். "யாரும் ஒன்றும் செய்யவில்லையே அம்மா, எதை என்று விசாரிப்பது?" என்று கேட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்த கயல் தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பின்னால் திருநின்றவூர் ஏரிப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்தபோது, அக்கா விடியுமுன் ஒரு கார் வைத்து அவளை அழைத்துவந்தார் என்று சொல்வார்கள். பார்த்தவர் யாரும் இல்லை. புது வீட்டிலும் ஓர் அறைக் கதவு மூடியது.

"எல்லாரும் சேர்ந்து ஒருத்தியை இல்லேன்னு சொல்லிட்டா, இருக்கவளும் இல்லாமப் போயிருவா தாயி" என்று அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார். வெயில் காய்ந்துகொண்டிருந்த மத்தியான வேளை அது. எனக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது.

அவர் குழுவைத் தொடங்கியது அந்தத் தண்ணீர் டம்ளரில்தான் என்று சொல்லலாம். பள்ளி வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிற தாய்மார்களை, வேன் ஸ்டாப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற அப்பாக்களை, ஒவ்வொருவராகப் பேசி அழைத்துவந்தார். குழுவுக்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது. ஞாயிறு மத்தியானம் அவர் வீட்டு ஹாலில் கூடுவோம். ஓர் ஏற்பாடு மட்டும் உண்டு. பள்ளிக்குப் போனால் யாரும் தன் பிள்ளைக்காகத் தான் பேசக்கூடாது.

"உன் பிள்ளைக்கு நீ பேசினா அழுவ. அழுதா தண்ணி குடுத்து அனுப்பிருவாங்க. உன் பிள்ளைக்கு நான் பேசுதேன். இன்னொருத்தி பிள்ளைக்கு நீ பேசு" என்பார்.

என் மகள் யாழினி எட்டாம் வகுப்பில் இருந்தபோது, அவளையும் அழைத்துக்கொண்டு நான் அந்த வீட்டுக்கு முதலில் போனேன். ஐ.டி. கம்பெனியில் பத்துப் பேருக்கு வேலை சொல்லும் நான், என் பெண் ஏன் சாப்பிடவில்லை என்று கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடிய காலம். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். அதற்குமேல் ஒரு சொல் வராது.

ஹாலில் நாற்காலிகள் போட்டிருந்த விதமே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எல்லாம் தெருவைப் பார்த்து இருந்தன. முதுகுக்குப் பின்னால் அந்த மூடிய கதவு. அக்கா எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு, ஓர் எவர்சில்வர் டம்ளரை மட்டும் தட்டு போட்டு மூடி, கதவடியில் கொண்டுபோய் வைத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். மோகன் அண்ணன் என் கையைத் தட்டினார்.

"பாக்காதம்மா. பாத்துகினு இருந்தா தொறக்காது."

பேச்சு நடந்துகொண்டே இருந்தது. நடுவில் எப்போதோ தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. என் பின்கழுத்தில் யாரோ ஊதியதுபோல இருந்தது. எவரும் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை. கிளம்பும்போது பார்த்தால் டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அன்றே, கிளம்புவதற்கு முன், அக்கா யாழினியைக் கூப்பிட்டு, "அம்மாகிட்ட சொல்ல வேண்டாம். எங்கிட்டயும் வேண்டாம். அந்தக் கதவுல சாஞ்சு உக்காந்து சொல்லு. உள்ள அக்கா இருக்கால்லா, அவ கேப்பா. பதில் பேச மாட்டா. கேட்டுட்டேன்னு ஒரு தட்டு தட்டுவா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையைக் கதவோடு பேசவைப்பது என்ன வைத்தியம்? ஆனால் யாழினி போய் உட்கார்ந்தாள். முதலில் நகத்தைக் கடித்தாள். பிறகு உதடு அசைந்தது. நெடுநேரம் அசைந்தது. நாங்கள் சத்தமாக வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தோம், அதுவும் அக்காவின் ஏற்பாடுதான். இடையே உள்ளிருந்து, மரத்தில் விரல் மடக்கி மெதுவாகத் தட்டுகிற ஓசை வந்தது. அன்று வீட்டுக்கு வந்து என் பெண் இரண்டாம் முறை சோறு கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அழுகிற முகத்தை யாரோ போட்டோ எடுத்து ஸ்டிக்கராக்கி வகுப்பு முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள நெஜமா யாராவது இருந்தாங்களாடி?" என்று கேட்டேன்.

"மூச்சு கேட்டுச்சும்மா. நான் அழுதப்ப அதுவும் அழுதுச்சு."

மறுநாள் பள்ளியில் யாழினிக்காகப் பேசியது மோகன் அண்ணன். நான் அவர் மகனுக்காகப் பேசினேன். பஸ்ஸில் பெரிய பையன்கள் அவன் பையை ஜன்னல் வழியே வீசுகிற விவகாரம். தலைமையாசிரியர் குழம்பிப்போய், "இதில் எது யாருடைய குழந்தை?" என்று கேட்டார்.

"எது எவுரு புள்ளன்னு உங்களுக்கு இன்னாத்துக்கு சார்? நடந்துச்சா இல்லியான்னு பாருங்க" என்றார் மோகன் அண்ணன். அக்கா பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஸ்டிக்கர் நின்றது. பஸ்ஸில் ஓர் ஆசிரியர் வரத் தொடங்கினார். அப்படி எத்தனையோ பிள்ளைகள் பட்டாபிராமிலிருந்தும் திருமழிசையிலிருந்தும் வந்து அந்தக் கதவில் சாய்ந்தார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு சரோஜாம்மா என்னைத் தனியே நிறுத்தி, "அந்த ஊட்ல பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது எப்பவோ பூட்ச்சு. இந்தம்மாவே டம்ளர கய்வி வெச்சுகினு கீது. புள்ளைங்கள இட்டுகினு போறியே, பயமா இல்ல?" என்றார். பயமாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிறு அக்கா வெளியே கடைக்குப் போயிருந்தார். தெருமுனையில் அவர் நடந்து வருவது எனக்கு ஜன்னல் வழியே தெரிந்தது. அந்நேரம் என் முதுகுக்குப் பின்னால் கதவு தட்டப்பட்டது. தட்டுவது அக்கா இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். அது தெரிந்ததில் பயம் குறைந்ததா கூடியதா என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை.

நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். "அக்கா, எல்லாப் பிள்ளைக்கும் ஆள் பேசுறோம். கயலுக்கு யார் பேசுறது?"

அக்கா டம்ளரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளை சரின்னு சொல்லாம அவளுக்காக ஒருத்தரும் பேசப்படாது. அவ இன்னும் சரி சொல்லல. நான் போறதுக்குள்ள சொல்லிட்டா நல்லது. இல்லேன்னா நீங்க இருக்கீங்கல்லா." அவ்வளவுதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். வாசலில் சரோஜாம்மா வெலவெலத்துப்போய் நின்றார். விடியற்காலையில் சுவரை யாரோ விடாமல் தட்டும் சத்தம் கேட்டு ஓடிவந்திருக்கிறார். வாசற்கதவு திறந்திருந்தது. அக்கா சமையலறை வாசலில் கிடந்தார். உயிர் போயிருந்தது.

"தலைக்குத் தலகாணி வெச்சு, கழுத்து வரிக்கும் போத்தி வுட்டிருந்துச்சும்மா. யாரு போத்துனது? ரூம் கதவு உள்ளாற தாப்பா போட்டுக் கீது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே இளைஞர்கள் சிலர் கதவை உடைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் முகம் பார்க்காமல் எடுக்க முடியுமா என்பது அவர்கள் நியாயம். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்துகொண்டிருந்த அக்காவின் தம்பியும் போனில் அதையே சொன்னாராம். மோகன் அண்ணன் கதவின் முன்னால் கையை விரித்து நின்றார். "கதவத் தொட்டீங்கன்னா மருவாதி கெட்டுடும்" என்றார்.

அப்போதுதான் கல்லூரியிலிருந்து யாழினி வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, எட்டாம் வகுப்பில் உட்கார்ந்த அதே இடத்தில், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"கயலக்கா, நான் யாழினி. நான் சொன்னதை எல்லாம் நீங்க கேட்டீங்க. இன்னிக்கு நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன். இல்லேன்னா ஒண்ணும் சொல்ல வேணாம். வந்து அம்மாவை மட்டும் பாருங்க. நாங்க யாரும் திரும்ப மாட்டோம்."

நான் எழுந்து எல்லோரையும் தெருப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். சாவு வீட்டில் இப்படி ஓர் உத்தரவா என்று சிலர் முறைத்தார்கள். ஆனாலும் திரும்பினார்கள். கதவை உடைக்கவந்த பிள்ளைகளும் திரும்பினார்கள். பறையடிக்க வந்தவர்கள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஐஸ் பெட்டியின் உறுமல் தவிர வேறு சத்தம் இல்லை.

உள்ளிருந்து ஒரு தட்டு கேட்டது. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது.

வெறுங்கால் நடந்து வரும் ஓசை. ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று வந்தது. ஐஸ் பெட்டிக்கு அருகே அது நின்றது. அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை. அழுகையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஓசை மட்டும் கேட்டது. மோகன் அண்ணன் தாங்கமாட்டாமல் இருமினார்.

"மோகன் மாமா" என்றது ஒரு குரல். பயன்படுத்தாமல் வைத்திருந்த குரல், கரகரவென்று இருந்தது. "உங்க பையன் இப்ப பயப்படாம பஸ்ல போறானா?"

அந்த முரட்டு மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் தோளில் ஒரு விரல் பட்டது. "நீங்க சுதா ஆன்ட்டி. வரும்போதெல்லாம் செருப்பை ரெண்டு தரம் தட்டுவீங்க" என்றாள். நாங்கள் ஒருவரும் பார்த்திராத பெண் எங்கள் எல்லோரையும் ஓசையால் அறிந்துவைத்திருந்தாள். நான் திரும்பினேன். அக்காவின் அதே நெற்றி, அதே மூக்கு. வெயில் படாத முகம், காகிதம்போல. அவளைக் கட்டிக்கொண்டு, அக்காவுக்காக நான் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

காரியம் முடிந்து வந்த ஞாயிறு, கூட்டம் நடக்குமா என்று யாரும் கேட்கவில்லை, எல்லோரும் வந்துவிட்டோம். கயல் எங்களோடு ஹாலில் உட்கார்ந்தாள். டீ போட்டது அவள்தான். அம்மாவின் பழக்கம் ஒட்டிக்கொண்டதோ என்னவோ, ஒரு டம்ளரைத் தட்டு போட்டு மூடிக் கதவடியில் வைத்துவிட்டு, காலி அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். நசரத்பேட்டையிலிருந்து ஒருவர் தன் சின்ன மகளை முதன்முறையாக அழைத்துவந்திருந்தார். கதவைப் பற்றி அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். நேரே போய்ச் சாய்ந்து உட்கார்ந்து பேசத் தொடங்கிவிட்டாள். உள்ளே யாரும் இல்லை பாப்பா என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கயல்தான் எழுந்து போவதற்காகத் தன் டம்ளரைக் கீழே வைத்தாள்.

அதற்குள் உள்ளிருந்து கதவு மெதுவாகத் தட்டப்பட்டது.

கயல் எழவில்லை. அவள் கை இரண்டும் மடியில் இருந்தன. மோகன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். குழந்தை ஒரு நிமிடம் நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கியது. நாங்களும் வழக்கம்போலச் சத்தமாக வேறு எதையோ பேசினோம்.

அக்கா, உங்களுக்கு விடைகொடுத்து எழுதச் சொல்லிக் குழுவினர் என்னிடம் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன், விடைகொடுக்க முடியவில்லை. அன்று கூட்டம் கலைந்தபோது கயல் என்னிடம் சரி சொல்லிவிட்டாள். இனி அவளுக்காக நாங்கள் எங்கு வேண்டுமானாலும் பேசுவோம், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். கதவடியில் வைத்த அந்த டம்ளர் என்ன ஆயிற்று என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. டீ ஆறுவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.