ஊரார் போத்தல்களும் என் ஞாயிற்றுக்கிழமையும்

என் கடையில் பிளாஸ்டிக் பை கிடையாது. எழுபதுகளின் கடைசியில் சுங்கைப் பட்டாணி டவுனில் இதைச் சொன்னபோது யாரும் என்னைக் கொள்கைக்காரன் என்று நினைக்கவில்லை, கஞ்சன் என்றுதான் நினைத்தார்கள். அதுவும் முழுப் பொய்யல்ல. ஆனால் உண்மையான காரணம் கடைக்குப் பின்னால் ஓடிய சாக்கடை. வரிசைக் கடைகளின் பைகளெல்லாம் அதில் அடைத்துக்கொண்டு, ஒரு மழையில் தண்ணீர் உள்ளே வந்து, என் பச்சைப்பயறு மூட்டை முளைவிட்டுவிட்டது. முழங்கால் ஆழத்தில் நின்று பை பொறுக்கிய கோபத்தில், இனி என் கடையிலிருந்து ஒரு பைகூடப் போகாது என்று சபதம் போட்டேன். அந்தச் சபதத்தோடு சேர்த்துத்தான் குடும்பம் நடத்த வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியவில்லை.

எண்ணெயைப் பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுப்பேன். பருப்பும் மிளகாயும் பழைய பேப்பரில் பொட்டலம். கனத்த சாமானுக்கு, மாவுச் சாக்கைத் துவைத்து என் மனைவி தைத்த பை. கிழிந்தால் கொண்டுவரலாம், அவளே ஒட்டுப் போட்டுத் தருவாள். ஒரு கால் தையல் மெஷினில், இன்னொரு கால் தொட்டிலில்.

தகராறு எண்ணெயில் வந்தது. செமிலிங் பக்கத்து எஸ்டேட் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் போத்தலை மறந்தது நினைவுக்கு வரும். பக்கத்துக் கடையில் எண்ணெய் பையிலேயே கிடைக்கும். அவர்களை விடக் கூடாதென்று நான் ஒரு மகா யோசனை செய்தேன். வீட்டுக்கு இரண்டு போத்தல். ஒன்று அவர்களிடம், ஒன்று என்னிடம். என்னிடமுள்ளதை நிரப்பி வைப்பேன். வந்து எடுத்துக்கொண்டு காலியை வைத்துவிட்டுப் போகலாம். எது யாருடையது என்று தெரிய, கழுத்தில் வீட்டுக்கொரு நிறத்தில் நூல்.

யோசனை பிரமாதமாக வேலை செய்தது. அதுதான் வினை. போத்தல்கள் மாடிப்படியில் ஏறின, கட்டிலுக்கடியில் புகுந்தன. பிள்ளைகள் காலை நீட்டாமல் தூங்கக் கற்றுக்கொண்டார்கள். இடம் போதாமல் மறுபக்கத்தில் காலியாகக் கிடந்த கடையையும் எடுத்தேன். வியாபாரம் வளர்ந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். கடையைப் பூட்டவோ வழியில்லை. பூட்டினால் ஊராரின் அடுப்படியை அல்லவா பூட்டுகிறேன்? "அண்ணே, என் போத்தல் மட்டும்" என்று பின்கதவைத் தட்டுவார்கள். ஒரு நாள் பினாங்குக் கடற்கரைக்குக் கிளம்பி, வாசலில் போத்தல் எடுத்துக் கொடுத்தே பொழுது போய், கட்டிவைத்த புளிச்சோற்றைப் பிள்ளைகள் கடைக்குள்ளேயே தின்றார்கள்.

அப்போதுதான் மகளுக்குப் புதுநன்மை வந்தது, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு, ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில்.

"அப்பா, நீங்க வருவீங்கதானே? அப்பா அம்மா ரெண்டு பேரும் இருக்கணும்னு சிஸ்டர் சொன்னாங்க."

"வராம?"

"உன் அண்ணனுக்கும் இதையேதான் சொன்னாரு," என்றாள் என் மனைவி. "கேக் வெட்டும்போது வந்து சேர்ந்தாரு. அதுவும் கையில புனலோட."

மகள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

ஞாயிறன்று கடையைத் திறக்கவேயில்லை. பலகைகளைப் பூட்டியபடியே விட்டு, திருடனைப் போலப் பின்சந்து வழியாகத் தேவாலயத்துக்குப் போனேன். மனைவி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள், வருவேன் என்ற நம்பிக்கையில் அல்ல, கைப்பையை வைக்க.

வெள்ளைக் கவுனும் முக்காடுமாகப் பிள்ளைகள் வரிசையில் நிற்கத் தொடங்கியபோது, பின்னால் ஒரு சலசலப்பு. திரும்பினேன். எங்கள் வாடிக்கை அக்கா ஒருத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாமி கும்பிடும் இடம் என்பதால் வாயைத் திறக்கவில்லை. எண்ணெய் ஊற்றுவதுபோல் கையால் சைகை மட்டும் செய்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சில தலைகள்.

நான் பாதி எழுந்துவிட்டேன். கால் பழகிப்போயிருந்தது. மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிச்சீங்கன்னா கடையிலேயே இருந்துக்குங்க. வீட்டுக்கு வர வேணாம்."

கடையும் வீடும் ஒன்றுதானே என்று கேட்க வாயெடுத்தேன். வரிசையில் மகள் திரும்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், நிற்கிறேனா, உட்கார்கிறேனா என்று.

சாவிக்கொத்தை எடுத்துப் பின்பெஞ்சுக்காரரிடம் கொடுத்து வாசலைக் காட்டினேன். அவர் அதை அடுத்த பெஞ்சுக்குக் கொடுத்தார். கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டு என் கடைச் சாவி பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது. நான் திரும்பிப் பார்க்காமல் மகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாமியார் நன்மை கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பார்த்தேன், முழுதாகப் பார்த்தேன்.

வீடு திரும்பியபோது கடை பூட்டியிருந்தது. வாசலில், அஞ்சடி நடைபாதையில், போத்தல்கள் நிற வரிசையில் நின்றன. அக்கா, மடியில் சாவிக்கொத்தோடு, பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"உங்க கடைக்குள்ள எனக்கு என்னலா வேலை அண்ணே? எங்க போத்தல வெளிய வச்சேன். அவங்கவங்க எடுத்துக்கிறாங்க. நீங்க போயி புள்ளையோட சாப்பிடுங்க."

இத்தனை வருடங்களாக என்னைக் கட்டிப்போட்டிருந்தது போத்தல்களை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்ற என் நினைப்பு மட்டும்தான் போலிருக்கிறது. அவமானத்தோடு சோற்றுக்கு உட்கார்ந்தேன்.

முதல் கவளத்தில் பின்கதவு தட்டப்பட்டது. ஓடினேன்.

"போத்தல எடுத்துக்கிட்டேன் அண்ணே. சொல்லாமப் போனா நல்லாருக்காதுல்ல, அதான்."

உட்கார்ந்தேன். அடுத்தவர் தட்டினார். அவரும் சொல்லிவிட்டுப் போக வந்தவர். நம் ஆட்களின் மரியாதைக்கு அளவில்லை. குழம்பு ஆறி ஆடை கட்டியது. மறுபடி தட்டும் சத்தம் கேட்டு நான் எழுவதற்குள், மகள் எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

"அப்பா சாப்பிடுறாங்க அத்தே. நான் சொல்லிடுறேன்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தட்டில் கறியை வைத்தாள். தட்டும் சத்தம் மறுபடியும் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.