ஆயா திருப்பி வாங்கிக்கொண்ட வேண்டுதல்

எனக்கும் எங்கள் ஆயாவுக்கும் ஒரே சாமியிடம் ஒரே சமயத்தில் வழக்கு நடந்தது. தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜெயித்த பெருமையில் நான்கு நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாங்கள் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள நகரியில் இருந்தோம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கூலிக்கு விசைத்தறி ஓட்டினார். நூல் விலை ஏற ஏற, வாரத்தில் நாலு நாள், பிறகு மூன்று நாள் என்று வேலை குறைந்துகொண்டே வந்த காலம் அது. தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தெரு அமைதியாக இருந்தால் பயமாக இருந்தது. ஆண்கள் கூடினால் குவைத் பேச்சுதான். தெருவுக்கு இரண்டு பேராவது கிளம்பிப் போனார்கள். நைனாவும் சித்தூரில் ஒரு ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, விசா எப்போது வரும் என்று தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆயா, நைனாவைப் பெற்றவள். தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். சனிக்கிழமை தோறும் ஆயாவுக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். அதையும் வீட்டில் கடைசி ஆள் வந்து கைகால் கழுவும்வரை தொடமாட்டாள். "ஒருத்தர் வெளிய கீறப்போ எனக்குச் சோறு உள்ள எறங்காது" என்பாள். காலையில் குளித்ததும் வேங்கடரமணன் படத்துக்கு முன்னால் நின்று யாருக்கு இருமல், யாருக்குக் காலில் முள், எந்த மருமகளுக்கு மாமியார் சரியில்லை என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள். கணக்கில் எனக்கு மார்க் குறைந்ததுகூட அவருக்குத் தெரியும். இது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு மட்டம் போடுவதற்காக வயிற்றுவலி என்று பாயில் சுருண்டு கிடந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து ஆயா வாய்விட்டுப் பேசினாள்.

"யப்பா வெங்கட்ரமணா, எம்புள்ள கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போவறன்னு நிக்கறான். அந்த விசா வரவே கூடாது. வராம பண்ணிடு. என் முடிய உனக்குக் குடுத்துட்றன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் என் வகுப்பில் குவைத் அப்பா உள்ள ஒருத்தி, பொத்தானை அமுக்கினால் திறக்கும் பென்சில் டப்பா வைத்திருந்தாள். நைனா போனால்தான் எனக்கும் அது. ஆயா எழுந்து அடுப்படிக்குப் போனதும் நான் படத்துக்கு முன்னால் ஓடினேன். ஆயா சொன்னதைக் கேட்காதே, விசா வந்தால் நூற்றெட்டு தோப்புக்கரணம் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். தோப்புக்கரணம் பிள்ளையாருக்குச் சேர வேண்டியது என்பது அந்த அவசரத்தில் தோன்றவில்லை.

ஆயாவின் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். நரைத்திருந்ததே தவிர அடர்த்தி குறையவில்லை. அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அது. அதற்கு எதிராக என் தோப்புக்கரணம் எடுபடுமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் விசா வந்துவிட்டது.

நைனா என்னைத் தூக்கிச் சுற்றினார். பிறகு ஆயாவின் காலில் விழுந்தார். "யம்மா, நீ வேண்டிக்கினது பலிச்சிடுச்சி!" ஆயா சனிக்கிழமை தவறாமல் பட்டினி கிடந்ததெல்லாம் விசாவுக்காகத்தான் என்று தெருவே நம்பியது. ஆயா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். "நல்லாருடா" என்றாள். சற்று நேரம் கழித்து, "மலைக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடலாம்" என்றாள். உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் திருப்பதி போய், மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து ஆயா, நைனா, அம்மா, நான் நால்வரும் நடந்தே ஏறினோம். ஆயா ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். நாங்கள் ஐம்பது படி ஏறி உட்கார்ந்து காத்திருப்போம், அவள் குனிந்து குனிந்து வந்து சேருவாள். "இப்டியே போனா நான் பிளேன உட்டுடுவன்மா" என்று நைனா சிரித்தார். அதைக் கேட்டபிறகு அவள் இன்னும் நிதானமாகக் குனிந்த மாதிரி எனக்குப் பட்டது.

மேலே, முடி இறக்கும் கல்யாணக்கட்டையில் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அத்த, பொம்பளைங்க மூணு கத்திரி குடுத்தாலே போதும். சாமி கோச்சிக்காது." நுனியில் மூன்று முறை கத்தரித்துக் கொடுப்பது அங்கே வழக்கம்தான். மூன்று கத்தரியா, மொட்டையா என்று நாவிதரும் தெலுங்கில் கேட்டார். "குண்டே நாயனா" என்றாள் ஆயா. மொட்டைதான் அப்பா என்று அர்த்தம். சொல்லிவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். அவர் முடியை நனைத்து, இரண்டாகப் பிரித்து முடிச்சுப் போட்டு, உச்சியில் பிளேடை வைத்தார்.

முதல் முடிச்சு ஈரத் தரையில் விழுந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் குந்தி அவள் காதருகே கேட்டேன். "ஆயா, நீ கேட்டத சாமி குடுக்கலியே. நீ ஏன் முடி குடுக்கற?"

ஆயாவின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. வலிக்கும் அளவுக்குப் பிடித்தது. நைனா நாலடி தள்ளித் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். ஆயா அவரைப் பார்த்தாள், பிறகு என்னை.

"மெதுவா பேசு கண்ணு, நைனா காதுல உழப்போவுது." அவள் குரல் தரையோடு தரையாக வந்தது. "அவன் போவக்கூடாதுன்னு கேட்டுட்டன். இப்ப அவன் போறான். நான் கேட்டது அவன் பின்னாடியே போய்க்கினு இருந்தா, போற எடத்துல எம்புள்ளைக்கு எதனா ஆயிடாதா? அத திருப்பி வாங்கிக்கத்தான் இது. யார்கிட்டயும் சொல்லாத."

கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது போல என்று நான் புரிந்துகொண்டேன். கூடவே, பொருளைத் திருப்பினால் காசு நமக்குத்தானே திரும்பி வர வேண்டும், இதில் முடி எதற்கு அதிகப்படியாக என்றும் தோன்றியது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு ஆயா எழுந்தபோது, நைனா நெகிழ்ந்துபோய் அவளைத் தாங்கிப் பிடித்தார். "எனக்காகவாம்மா?" என்று கேட்டார். "வேற யாருக்குடா" என்றாள்.

நைனா போனார். இரண்டு முறை லீவில் வந்தார். அவர் கடிதத்தை நான் வாசிக்க வாசிக்க, ஆயா அதிலுள்ள செய்திகளைப் படத்துக்கு முன்னால் போய் ஒப்பிப்பாள். குவைத்தில் வெயில் அதிகம் என்று எழுதியிருந்தால் அன்றைக்கு மோர் குடிக்க மாட்டாள். ஆறாவது வருஷம் அவள் இறந்தபோது நைனாவுக்கு உடனே லீவு கிடைக்கவில்லை. காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். இத்தனை வருஷம் கழித்தும், யாரோ ஈரத் துணியால் என் முகத்தைத் துடைத்துவிட்டு இன்னும் சாப்பிடலியா என்று கேட்கமாட்டார்களா என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அப்படிக் கேட்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

போன வருஷம், ஒரு மத்தியானம், நைனாவும் நானும் தனியாக இருந்தபோது அந்த ரகசியத்தை அவரிடம் சொன்னேன். எழுபதை நெருங்கும் மனிதருக்குக் குழந்தை மாதிரி உதடு பிதுங்கியது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் போயே இருக்கமாட்டனே" என்றார்.

அவர் போயிருக்க மாட்டார். அது ஆயாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவரிடம் சொல்லாமல், சொன்னாலும் கேட்காமல் போகக்கூடிய சாமியிடம் மட்டும் சொன்னாள்.